போர்டு இல்லாத இட்லிக் கடைக்கு லொகேஷன் அனுப்பிய கதை

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் பகலில் இரும்புக் கடை. இரவில் அதே வாசலில் ஓர் அக்கா இட்லி, கறித்தோசை போடுகிறார். போர்டு கிடையாது. நான் அனுப்பிய லொகேஷனைப் பார்த்துப் போனவர்கள் எல்லாரும் "கடை மூடியிருக்கு" என்று திரும்பினார்கள். அந்தக் கைப்பக்குவத்துக்கு இப்படி ஆகக் கூடாது.

கூகுள் மேப்பில் புதுக் கடையாகச் சேர்க்கப் பார்த்தேன், ஏற்கவில்லை. லைவ் லொகேஷன் நான் அங்கே நிற்கும்வரைதான்.

கோளாறு இதுதான்: விரல் இரும்புக் கடைப் பெயர்மேல் பட்டால் அந்தக் கடையின் விவரமே போகிறது, இரவில் 'மூடப்பட்டது' என்று காட்டுகிறது. மேப்பை நன்றாகப் பெரிதாக்கி, பெயர் எதுவும் இல்லாத வெறும் ரோட்டின்மேல் அழுத்திப் பிடித்தேன். பிளஸ் கோட், அதாவது அந்த இடத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு, வந்தது. அது குறிப்பது ஏறக்குறைய 14 மீட்டருக்கு 14 மீட்டர் கட்டம், போதும். கூடவே "இரவு ஏழுக்கு மேல், மூடிய ஷட்டருக்கு முன்னால்" என்று எழுதி அனுப்பினேன். அதன்பின் யாரும் சாப்பிடாமல் திரும்பவில்லை.