வடகோடிக் கரைக்குப் போன பின்லாந்துக்காரர்கள்: க்வென் மூதாதையரைத் தேடுவது எப்படி?

நார்வேயின் வடகோடியான பின்மார்க்கில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பின்லாந்துக்காரர்கள் ஏராளமாகக் குடியேறினார்கள். நார்வேக்காரர்கள் அவர்களை 'க்வென்' என்றார்கள். சொந்த ஊரில் பஞ்சம், உறைபனியில் கருகும் பயிர். ஆர்க்டிக் கரையில் மீன். 1826இல் ஆல்டா அருகே கோஃபியூரில் செம்புச் சுரங்கமும் வந்தது. இப்படிப் போன ஒருவரை எப்படிப் பின்னோக்கித் தேடுவது என்று சொல்கிறேன். என் தோழியின் கணவர் குடும்பத்துக்காக நான் இதில் இறங்கியபோது, முதல் மூன்று வாரம் சம்பந்தமே இல்லாத ஒருவரைத் துரத்திக்கொண்டிருந்தேன். குடும்பப் பெயரை நம்பியதுதான் காரணம்.

படி 1: வீட்டுப் பெரியவர்கள்

கணினியைத் திறக்கும் முன் பெரியவர்களிடம் உட்காருங்கள். பிறந்த தேதி, ஊர், உடன்பிறந்தவர்கள் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பைபிளின் முதல் பக்கத்தையும் பாருங்கள். "நாங்கள் அசல் நார்வேக்காரர்கள்தான்" என்று பதில் வந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். பின்மார்க்கில் அரசு நிலம் வாங்க நார்வே மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று 1902இல் சட்டமே வந்தது. பள்ளியிலும் தாய்மொழிக்கு இடமில்லை. பல வீடுகளில் பூர்வீகத்தைச் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். பாட்டி சமையலறையில் மட்டும் வேறு ஏதோ மொழி பேசுவார் என்று யாராவது சொன்னால், அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: மக்கள்தொகைக் கணக்கு

நார்வே அரசின் ஆவணத் தளமான 'டிகிட்டால் ஆர்கிவெட்' இலவசம். 1910 கணக்கிலிருந்து தொடங்குங்கள். அதில் பிறந்த தேதி முழுதாக இருக்கும். பிறகு 1900, 1875, 1865 என்று பின்னால் போங்கள். இனத்தைக் குறிக்கும் பத்தியைத் தவறாமல் பாருங்கள். அங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய நார்வே வழக்கில் 'ஃபின்' என்றால் பின்லாந்துக்காரர் இல்லை, 'சாமி' என்ற வடதிசைப் பழங்குடியினர். பின்மார்க் என்ற பெயரிலேயே இருப்பது அவர்கள்தான். நாம் தேடும் ஆட்கள் 'க்வென்' என்றே இருப்பார்கள். ஒரே வீட்டில் இரண்டும் கலந்திருப்பதும் உண்டு.

பிறந்த இடம் என்ற பத்தியில் பெரும்பாலும் வெறுமனே 'பின்லாந்து' என்றுதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் அடுத்த படி.

படி 3: நார்வே தேவாலயப் பதிவேடுகள்

திருமணப் பதிவைத் தேடிப் பிடியுங்கள். மணமகன், மணமகள் பிறந்த ஊரும் தகப்பன் பெயரும் அதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஞானஸ்நானப் பதிவும் உதவும், முக்கியமாக ஞானப்பெற்றோர் பெயர்கள். ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் ஒருவர் பிள்ளைக்கு ஒருவர் சாட்சி நின்றிருப்பார்கள். 1944இல் ஜெர்மன் படை பின்வாங்கியபோது பின்மார்க்கை எரித்துவிட்டுப் போனது. அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். 1812 முதல் ஒவ்வொரு பதிவேட்டையும் இரண்டு பிரதிகளாக எழுத வேண்டும், இரண்டும் இரவில் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்று ஆணை இருந்தது. ஒன்று கிடைக்காவிட்டால் மற்றதைத் தேடுங்கள். கையெழுத்து கோதிக் வகை. ஒரு வாரம் பழகினால் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

படி 4: பெயர்களை உடைத்துப் பார்ப்பது

நான் சறுக்கிய இடம் இது. கரையில் 'யூஹான் ஹென்ரிக்சென்' என்று இருப்பவர், பின்லாந்தின் பதிவேட்டில் 'யூஹான் ஹென்ரிக்சோன்'. ஏனென்றால் அங்கே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை போதகர்கள் ஸ்வீடிஷில்தான் எழுதினார்கள். வீட்டில் அவரைக் கூப்பிட்டதோ 'யூஹோ', அப்பா ஹென்ரிக்கை 'ஹெய்க்கி'. யூஹான் ஹென்ரிக்சென், யூஹான் ஹென்ரிக்சோன், யூஹோ மூன்றும் ஒரே ஆள்தான். ஹென்ரிக்சென் என்பது நம் இனிஷியல் மாதிரி, அப்பா பெயர். மகனுக்கு அது மாறிவிடும். இதற்கு மேல் பண்ணைப் பெயர் வேறு. பின்லாந்தின் மேற்கு, வடக்குப் பகுதிகளில் எந்தப் பண்ணையில் குடியிருக்கிறாரோ அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனால் மாமனார் பண்ணையின் பெயர் வந்துவிடும். ஆகவே, ஆளை அடையாளம் காண பிறந்த தேதியையும் சபையையும் (அவர் சேர்ந்த தேவாலய வட்டாரம்) பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 5: பின்லாந்துப் பக்கம்

'ஹிஸ்கி' என்ற இலவசத் தேடுதளத்தில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், இடப்பெயர்வு ஆகியவற்றின் குறிப்புகள் உள்ளன. குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டு, சபை, ஆண்டு, அப்பா பெயர் மட்டும் கொடுங்கள். இன்று ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் எல்லையாக ஓடும் தோர்னே ஆறு 1809 வரை எல்லையே இல்லை. இரு கரையும் ஸ்வீடன் ராஜ்யம்தான். ஆற்றின் கிழக்கே ஆள் சிக்காவிட்டால் மேற்கே, ஸ்வீடன் நாட்டு ஆவணக் காப்பகத்தில் பாருங்கள்.

பிறப்புப் பதிவு கிடைத்ததும் 'ரிப்பிகிர்யா' என்ற இராப்போஜனப் (தேவாலயத்தில் அப்பமும் திராட்சரசமும் பெறும் சடங்கு) பதிவேட்டுக்குப் போங்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஹிஸ்கியில் இது இருக்காது. ஸ்கேன் செய்த பக்கங்களைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும். பண்ணை வாரியாகக் குடும்பம் முழுவதும் ஒரே பக்கத்தில் இருக்கும்: பிறந்த தேதி, ஞானோபதேசம் (கிறிஸ்தவ மதப் பாடம்) எவ்வளவு தெரியும் என்பதற்குச் சின்னச் சின்னக் குறிகள், ராப்போஜனம் எடுத்த நாட்கள். ஊரை விட்டுப் போனவரின் வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ஓரத்தில் 'நார்வேக்கு' என்று ஸ்வீடிஷில் எழுதியிருப்பார்கள். போதகரிடம் சான்று வாங்காமல் கிளம்பியவர்கள் வருஷக்கணக்காக 'ஊரில் இல்லை' என்றே புத்தகத்தில் தங்கியிருப்பார்கள்.

நாங்கள் தேடியவரின் வரியும் அடிக்கப்பட்டுத்தான் கிடந்தது. அதற்கு மேலே அவருடைய அப்பா, அம்மா, அவர்கள் பிறந்த தேதிகள். அவற்றைக் குறித்துக்கொண்டு முந்தைய புத்தகத்தைத் திறந்தோம்.