டி-ஷர்ட் படத்தில் வெட்டிப்போட்ட பாதி

போன மாதம் ஒரு தம்பி கபடி டீமுக்கு டி-ஷர்ட் அடிக்க வேண்டும் என்று தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் இருக்கும் என் கடைக்கு வந்தான். மொபைலில் டிசைனைக் காட்டினான். நடுவில் பாயும் புலி. அதற்குப் பின்னால் சிவப்பு வட்டம், வட்டத்திலிருந்து நாலா பக்கமும் விரியும் சிவப்புக் கதிர்கள். “கெத்தா இருக்குல்லண்ணா?” என்றான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கதிர்களை அப்படியே அடித்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். டி-ஷர்ட் படத்தில் நடக்கிற தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. படத்தை யாரோ எங்கிருந்தோ வெட்டி எடுத்திருப்பார்கள். வெட்டின துண்டு மட்டும் நம் கைக்கு வரும். வெட்டிப்போட்ட பாதியில் என்ன இருந்தது என்று நாம் கேட்பதில்லை.

அந்தக் கதிர்களையே எடுத்துக்கொள்வோம். 16 கதிர்கள் கொண்ட அந்தச் சூரியனை ஜப்பானியத் தரைப்படை 1870-லும் கடற்படை 1889-லும் தங்கள் கொடியாக ஏற்றன. இரண்டாம் உலகப் போரில் அந்தப் படைகள் போன இடமெல்லாம் அந்தக் கொடியும் போனது. அதனால்தான் கொரியர்களும் சீனர்களும் இன்றும் அதைப் பார்த்தால் கொதிக்கிறார்கள். நமக்கு என்ன வந்தது என்று நினைக்க வேண்டாம். 1942-43-ல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது அந்த ராணுவம். மலாயா ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழர்களை ஆசை காட்டியும் மிரட்டியும் அங்கே கொண்டுபோனார்கள். காலரா, பட்டினி, அடி. பல்லாயிரம் பேர் காட்டிலேயே செத்தார்கள். சயாம் மரண ரயில் என்று இன்றும் சொல்கிறோமே, அதுதான். இதைச் சொன்னதும் தம்பி மொபைலைக் கீழே வைத்துவிட்டு, “நம்ம ஆளுங்களாண்ணா?” என்று கேட்டான். ஆமாம் தம்பி, நம்ம ஆட்கள்.

சூரியக் கதிர் போடுவதே தப்பு என்று சொல்லவில்லை. வெள்ளையில் சிவப்பு வட்டம், ஓரம் வரை ஓடும் சிவப்புப் பட்டைகள் என்ற அந்தச் சேர்க்கைதான் கொடியாகிறது. நிறத்தை மாற்றி, கதிரை மெலிதாக்கினால் அது வெறும் சூரியன். அதற்காக இரண்டு மலைக்கு நடுவில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். நம் ஊரில் அது கட்சிச் சின்னம்.

சே குவேரா படத்தில் நிஜமாகவே வெட்டு விழுந்திருக்கிறது. 1960 மார்ச் 5, ஹவானா. வெடித்த கப்பல் ஒன்றில் இறந்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டம். அங்கே ஆல்பர்ட்டோ கோர்டா எடுத்த படம் அது. ஒரு பக்கம் இன்னொருவர் முகம், மறுபக்கம் பனைவகை மரத்தின் ஓலை. இரண்டையும் வெட்டிய பிறகு மிஞ்சியதுதான் நாம் பார்க்கும் முகம். 1967-ல் சே கொல்லப்பட்ட பிறகு, அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக் அதைக் கறுப்பு, சிவப்புப் போஸ்டராக்கினார். துக்கமும் கோபமும் சேர்ந்த முகம் அது. அதன் கையில் பீர் பாட்டிலைச் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. ஒரு வோட்கா விளம்பரத்தில் அந்தப் படத்தைப் போட்டதற்காக 2000-ல் கோர்டாவே வழக்குப் போட்டு, கிடைத்த பணத்தைக் கியூபாவின் மருத்துவத்துக்குக் கொடுத்துவிட்டார்.

மும்பை ஃபேஷன் ஸ்ட்ரீட் துணிக்கடைகள் பக்கம் நடந்தால் பத்துக் கடைக்கு ஒரு கடையிலாவது தொங்கும் இன்னொரு டி-ஷர்ட், கறுப்புத் துணியில் வெள்ளைக் கோடுகள் மேலும் கீழும் துள்ளி நிற்பது. மலைத்தொடர் என்பார்கள், ஈசிஜி என்பார்கள். அது ஒரு நட்சத்திரத்தின் துடிப்பு. 1967-ல் கேம்பிரிட்ஜில் மாணவியாக இருந்த ஜோசலின் பெல், வானத்திலிருந்து 1.337 விநாடிக்கு ஒருமுறை தவறாமல் வந்த ரேடியோ துடிப்பைக் கண்டுபிடித்தார். இப்படித் துடிக்கும் நட்சத்திரத்துக்குப் பல்சார் என்று பெயர். உலகம் அறிந்த முதல் பல்சார் அது. ஹெரால்ட் கிராஃப்ட் என்ற ஆய்வாளர் அதன் அடுத்தடுத்த 80 துடிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி 1970-ல் தன் ஆய்வேட்டில் போட்டார். 1979-ல் ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் ஆல்பம் அட்டைக்காக பீட்டர் சாவில் அதைக் கறுப்பில் வெள்ளையாகத் திருப்பினார்.

இந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு கோடுகள் ஒன்றுபோல இருக்காது. ஒன்றில் உச்சி இடப்பக்கம் சாய்ந்திருக்கும், அடுத்ததில் இரண்டாகப் பிளந்திருக்கும். சில டிசைனர்கள் வேலை சுலபமாகட்டும் என்று நாலு கோடு வரைந்து அதையே திரும்பத் திரும்ப ஒட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நட்சத்திரம் போய்விடுகிறது, வெறும் கோடுதான் மிச்சம்.

ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் நாக்குச் சின்னத்தை ஒருநாள் அடித்து உலர்த்தியிருந்தபோது அம்மா பார்த்துவிட்டு, “ஏன்டா, காளி நாக்கு மாதிரி இருக்கே?” என்றார். அம்மா சொன்னது சரி. 1970-ல் ஜான் பாஷ் என்ற மாணவர் 50 பவுண்டுக்கு அதை வரைந்தார். பாடகர் மிக் ஜாகர் அவருக்கு மாதிரியாகக் காட்டியது காளி படம். ஏதோ ஆபாசச் சின்னம் என்று ஒதுக்குகிறவர்களிடம் இப்போது இதைத்தான் சொல்கிறேன்.

அப்புறம், தமிழ் எழுத்து. இதில்தான் எனக்கு வலி அதிகம், ஏனென்றால் இதில் நானே தவறு செய்திருக்கிறேன். ஒரு சங்கத்தின் பொங்கல் விளையாட்டு விழாவுக்கு 60 டி-ஷர்ட். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்று நெஞ்சில். ஃபைலை அப்படியே பிரிண்டிங் யூனிட்டுக்கு அனுப்பிவிட்டேன். அங்கே வேலை பார்த்த தொழிலாளிக்கு இந்தியும் மராத்தியும்தான் தெரியும். வந்த பண்டலைப் பிரித்தால், ‘ஊரே’யில் ரகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு பின்னால் தனியாக நிற்கிறது. கம்ப்யூட்டர் முதலில் ரகரத்தையும் அதற்கடுத்துக் கொம்பையும்தான் சேமிக்கிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவது சாஃப்ட்வேரின் வேலை. அதில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை மாற்றியிருக்காவிட்டால் கொம்பு பின்னாலேயே நின்றுவிடும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நிறத்துக்கு ஒரு ஃபிரேம். ஃபிரேம் எடுத்த பிறகு கொம்பை மட்டும் நகர்த்த முடியாது. அறுபதும் போச்சு. அன்றிலிருந்து எழுத்தை கர்வ் ஆக, அதாவது இனி மாறாத கோட்டுப் படமாக, மாற்றாமல் நான் எதையும் அனுப்புவதில்லை. அதற்கு முன் தமிழ் வாசிக்கத் தெரிந்த இன்னொருவர் உரக்க வாசித்துப் பார்க்க வேண்டும்.

உரக்க வாசிப்பது இன்னொன்றுக்கும் உதவும். அதே வரியைக் ‘கேளீர்’ என்று நெடிலில் போட்ட டி-ஷர்ட்டுகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். கேளிர் என்றால் உறவினர். கேளீர் என்றால் ‘கேளுங்கள்’. உலகமே சொந்தம் என்று கணியன் பூங்குன்றனார் சொன்னது, ஒரு சுழியில் ‘எல்லாரும் கேளுங்க’ என்று ஆகிவிடுகிறது.

சரி, கபடித் தம்பியின் புலிக்கு வருவோம். அவன் மனசில் இருந்தது சோழர் புலி. ஆனால் மும்பையில் நெஞ்சில் ஒரு புலி உறுமினால், பார்க்கிறவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது 1966-ல் தொடங்கிய சிவசேனாவின் சின்னம். புலியோடு துப்பாக்கி சேர்ந்தால் அது விடுதலைப் புலிகளின் சின்னத்தில் போய் நிற்கும். அந்த அமைப்புக்கு இந்தியாவில் 1992 முதல் தடை. பையன்கள் ரயிலில் போட்டுக்கொண்டு போகிற சட்டை இது. சும்மா விளையாட்டுக்கு என்று எல்லாரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

அதனால் சோழர் செப்பேட்டு முத்திரையின் படத்தை அவனுக்குக் காட்டினேன். அதில் புலி பாயவில்லை, உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் பாண்டியரின் இரண்டு மீன், கூடவே சேரரின் வில். டி-ஷர்ட்டுக்கு வருகிறபோது நாம் வெட்டிப்போடுவது இந்த மீனையும் வில்லையும்தான். அவன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “இதையே போட்டுடுங்கண்ணா. மீனை மட்டும் கொஞ்சம் பெருசா வைங்க, எங்க டீம்ல முக்காவாசிப் பேர் திருநெல்வேலிக்காரங்க.”