பகிர்வு டிஸ்கில் இரண்டு போஸ்ட்கிரெஸ்: வேலியடைக்காமல் கிளஸ்டர் கட்டாதீர்கள்

கிளிநொச்சியில் ஒரு நெல் ஆலைக்கு இரண்டு சேர்வர் கிளஸ்டர் (ஒன்றுக்கொன்று துணை நிற்கும் சேர்வர் கூட்டு) அமைத்தேன். கணக்குக்கு ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், லொறித் தராசுக்கு இன்னொன்று. சாதாரண நாளில் சேர்வருக்கு ஒன்றாக ஓடும். ஒரு சேர்வர் விழுந்தால் மற்றது இரண்டையும் ஏற்கும். பெரும்போக அறுவடை நேரம் தராசு நின்றால் லொறி வரிசை ஏ9 வரை வந்துவிடும். லினக்ஸ் போட்டு, ஐஸ்கஸி டிஸ்க் (பகிர்வுப் பெட்டி வலையமைப்பு வழியாகத் தரும் பொது டிஸ்க்) இரண்டு சேர்வரிலும் தெரிகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே டேட்டா கோப்புறையை இரண்டு சேர்வரிலிருந்து ஒரே நேரத்தில் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் பிஐடி கோப்பு (ஓடும் புரோசஸின் எண்ணைக் குறித்து வைப்பது) தடுக்கும் என்று நம்பாதீர்கள். அது தன் இயந்திரத்து புரோசஸ்களை மட்டும்தான் பார்க்கும். ஆகவே தனித்தனிக் கோப்புறை, தனித்தனி போர்ட்: 5432, 5433.

படி 1: கோரோசிங்க் (சேர்வர்களைத் தம்முள் பேசவைப்பது), பேஸ்மேக்கர் (எது எங்கே ஓடவேண்டும் என்று முடிவெடுப்பது). கொன்ஃபிக் கோப்பைக் கையால் எழுத வேண்டாம், பிசிஎஸ் கருவியே போதும்.

படி 2: ஃபென்சிங், அதாவது வேலியடைத்தல்: பதில் தராத சேர்வரை வலிந்து அணைத்து டிஸ்கைத் தொடவிடாமல் செய்வது. பலர் ஐபிஎம்ஐயோடு (சேர்வரைத் தூரத்திலிருந்து அணைக்க அதற்குள்ளேயே இருக்கும் சிப்) நிறுத்திவிடுவார்கள். எங்கள் பக்கம் அது போதாது. ஐபிஎம்ஐக்கும் அதே சேர்வரின் மின்சாரம்தான். பவர் சப்ளை எரிந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். உயிரோடிருக்கும் நோட் (கிளஸ்டரில் உள்ள சேர்வர்) "அதை அணை" என்று கேட்டபடியே இருக்கும், பதில் வராது. அது வரும்வரை டிஎல்எம் (பகிர்வு டிஸ்கின் பூட்டுகளை நோட்களுக்கிடையே நிர்வகிப்பது) பூட்டை விடாது. நல்ல சேர்வரில்கூட கோப்புப் பட்டியல் கேட்டால் திரை அப்படியே உறைந்து நிற்கும்.

அதனால் எஸ்பிடி (பகிர்வு டிஸ்க் வழியாக ஃபென்சிங் செய்யும் முறை) போடுங்கள். பகிர்வுப் பெட்டியில் சிறு பகுதி ஒன்று ஒதுக்கினால் சரி. செத்த நோட்டுக்கு அதில் கட்டளை எழுதப்படும். குறித்த நேரம் கழிந்ததும் அது அணைந்ததாகக் கொள்ளப்படும், ஏனென்றால் உயிரோடிருந்திருந்தாலும் வாட்ச்டோக் (நேரத்துக்குச் சமிக்ஞை வராவிட்டால் இயந்திரத்தை மீளத் தொடக்கும் டைமர்) அதற்குள் அதை மீளத் தொடக்கியிருக்கும். வாட்ச்டோக் 15 விநாடி, காத்திருப்பு 30, ஸ்டோனித் (ஃபென்சிங்) டைம்அவுட் 40. வன்பொருள் வாட்ச்டோக்தான் நல்லது, சொஃப்ட்டோக் (மென்பொருள் வாட்ச்டோக்) வேறு வழியில்லாவிட்டால் மட்டும். பகிர்வுப் பெட்டியையும் சுவிட்சையும் யூபிஎஸ்ஸில் வையுங்கள்.

படி 3: டிஎல்எம், அதன்மேல் ஜிஎஃப்எஸ்2 (இரண்டு நோட்டும் ஒரே நேரத்தில் பயன்படுத்தக்கூடிய கோப்பு முறைமை). ஜேர்னல் (மாற்றங்களைக் குறிக்கும் பதிவேடு) நோட்டுக்கு ஒன்று, ஆக 2. பூட்டுப் பெயரில் வரும் கிளஸ்டர் பெயர் உங்களுடையதோடு அச்சாகப் பொருந்த வேண்டும். டிஎல்எம், ஜிஎஃப்எஸ்2 ஆகிய இரண்டு குளோனுக்கும் (எல்லா நோட்டிலும் ஓடும் பிரதிகள்) இன்டர்லீவ் (தன் நோட்டின் பிரதியை மட்டும் பார்த்திருக்கச் சொல்லும் அமைப்பு) போடாவிட்டால், விழுந்த நோட் திரும்பும்போது ஓடிக்கொண்டிருப்பதும் ஒருமுறை நின்று எழும்பும்.

படி 4: போஸ்ட்கிரெஸை சிஸ்டம்டியில் (லினக்ஸில் சேவைகளைத் தொடக்குவது) டிசேபிள் செய்துவிட்டு பேஸ்மேக்கரிடம் கொடுங்கள். அப்புறம் பவர் வயரை இழுத்துப் பாருங்கள். சேர்விஸை நிற்பாட்டிப் பார்ப்பதெல்லாம் சோதனையே இல்லை.

பிற்சேர்க்கை: மறு நோட்டுக்குப் போனதும் அனுமதி மறுப்பு வருகிறது என்று வவுனியாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். போஸ்ட்கிரெஸ் பயனரின் யூஐடி (பயனர் அடையாள) எண் இரண்டு சேர்வரிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். டிஸ்கில் பதிவது பெயரல்ல, எண்.

இன்னொன்று: ஒரு சேர்வர் திருத்த வேலைக்குப் போயிருக்க, கரண்ட் போய் வந்தால் மற்றது துணைக்காகக் காத்தே நிற்கும். பழுதல்ல, இரண்டு நோட் அமைப்பின் இயல்பு. மற்றது உண்மையிலேயே அணைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு 'பிசிஎஸ் குவோரம் அன்பிளாக்' கொடுங்கள்.