வாக்கருடன் அம்மா, வாசலில் பனி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வங்கி வேலையில் பதவி உயர்வு வந்தால் பின்னாலேயே இடமாற்றமும் வரும். எனக்குச் சிம்லா வந்தது. மேற்கு மாம்பலத்தில் தம்பியோடு இருந்த அம்மா, "ஒரு தடவையாவது பனி கொட்டறதைப் பார்த்துடணும்டா" என்றார். வயது 74, இரண்டு முழங்காலும் தேய்மானம், வீட்டுக்குள்ளேயே வாக்கர் பிடித்துத்தான் நடை. ஜனவரியில் அழைத்துப்போய் மூன்று வாரம் வைத்திருந்தேன். இப்போது நானும் சென்னைக்கே திரும்பிவிட்டேன். மகன் மணாலியில், மகள் கொலராடோவில் என்று இருக்கும் தெருக்கார மாமிகள் கிளம்பும்போதெல்லாம் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களைவிட, அவர்களைக் கூப்பிடும் பிள்ளைகளுக்குத்தான் இது தெரிய வேண்டும்.

நான் செய்த முதல் தவறு, "தரைத்தளம்தாம்மா, படியே இல்லை" என்று போனில் சொன்னது. மலையூரில் தரைத்தளம் என்ற சொல்லை நம்பக் கூடாது. எல்லாம் சரிவில் கட்டிய வீடுகள். சாலை மட்டத்தில் தெரிவது மொட்டை மாடியாகக்கூட இருக்கும். என் வீட்டுக்குச் சாலையிலிருந்து 31 படி இறங்க வேண்டும். தினமும் தடதடவென்று இறங்குகிற எனக்கு அந்தப் படிகள் நினைவிலேயே இல்லை. காரை விட்டு இறங்கிய அம்மா கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இது வீடா கிணறா?" என்றார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நானும் பக்கத்து வீட்டுப் பையனும் தூக்கி இறக்கினோம். எங்களில் ஒருவருக்குக் கால் சறுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கப் பிடிக்கவில்லை.

டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கார் நிற்கிற இடத்திலிருந்து அம்மா படுக்கப்போகும் கட்டில் வரை மெதுவாக நடந்து பாருங்கள். படிகளை எண்ணுங்கள், கைப்பிடி எந்தப் பக்கம் என்று பாருங்கள். அப்புறம் கட்டிலிலிருந்து கழிவறை வரை அதே மாதிரி நடந்து பாருங்கள். படி அதிகம் என்றால் கூச்சப்படாமல் சாலையை ஒட்டிய விடுதியில் அறை எடுத்துவிடலாம். அங்கேயும் "லிஃப்ட் இருக்கு" என்பார்கள், லிஃப்டுக்குப் போவதற்கே எட்டுப் படி இருக்கும். வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விமானத்தில் சக்கர நாற்காலி வேண்டுமென்று 48 மணி நேரத்துக்கு முன்பே பதிந்துவிடுங்கள். சண்டிகரில் இறங்கிய அன்றே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் மலைவளைவில் ஏற்றாமல் ஒரு ராத்திரி தங்கவையுங்கள். 1903இலிருந்து ஓடும் கால்கா - சிம்லா மலை ரயில் அழகுதான். ஆனால் சின்னப் பெட்டி, 96 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம். முழங்கால்காரர்களுக்குக் கார்தான் சரி.

பனி விழும்போது எல்லோரும் பயப்படுகிறோம். உண்மையில் புதிதாக விழுந்த பனி பஞ்சு மாதிரி கிடக்கும். ஆபத்து மறுநாள் காலையில். பகலில் உருகிய நீர் ராத்திரியில் உறைந்து, கண்ணாடிபோல் தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் ஈரம் என்று நினைத்துக் கால் வைப்போம். வெயில் படாத பக்கம் மத்தியானம் வரை இப்படித்தான். கைத்தடியின் ரப்பர் முனை அதில் நிற்காது, வாக்கர் சக்கரம் பனியில் புதையும். என் அம்மாவோ விடியற்காலையில் எழுந்து வாசலில் ஒரு கோலமாவது போடவேண்டும் என்றார். தை மாதமாயிற்றே! "வாசல்ல தண்ணி தெளிச்சா அது அப்படியே உறைஞ்சிடும்மா" என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் கூடத்தில் ஒரு மணைப் பலகையில் போட்டார்.

இத்தனைக்கும் அம்மா சறுக்கியது வீட்டுக்குள். குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று நான் மாட்டிவிட்ட கம்பளி சாக்ஸ், வழவழப்பான தரை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தார். அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் வாங்குங்கள், அல்லது குதிகால் மூடிய செருப்பு. போர்த்திய சால்வை தரையில் இழுபடக் கூடாது. புடவையைக் கணுக்காலுக்கு மேலே கட்டி, உள்ளே தெர்மல் என்கிற குளிர் உள்ளாடை போட்டால் போதும்.

குளிரில் சிறுநீர் அடிக்கடி வரும், தாகமோ எடுக்காது. ராத்திரி எழுந்திருக்கப் பயந்து பெரியவர்கள் தண்ணீரையே குறைத்துவிடுவார்கள். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தலைசுற்றல் எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம். கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலி ஒன்று போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். முதலில் அம்மா முகம் சுளித்தார், இரண்டாம் நாள் ராத்திரி அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கழிவறைக் கைப்பிடி சுவரில் திருகியதாக இருக்கட்டும். உறிஞ்சி ஒட்டுகிற ரகம் பாரம் தாங்காது.

சூடு விஷயத்தில்தான் நல்ல மனசோடு கொலை செய்துவிடுவோம். மின்சாரம் போனதும் வீட்டுக்காரர் அன்பாக ஒரு கரி அடுப்பைக் கொண்டுவந்து வைத்தார், அங்கே அங்கீட்டி என்பார்கள். மூடிய அறையில் அது வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் இதனால் ஆட்கள் சாகிறார்கள். கதவைத் திறந்துவைத்துவிட்டு அடுப்பை வெளியே எடுத்துப்போனேன். அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார், படட்டும். இன்னொன்று வெந்நீர்ப் பை. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தோல் வெந்துபோவதே தெரியாது. படுக்கையைச் சூடாக்கிவிட்டு, அவர்கள் படுக்கும்போது பையை எடுத்துவிடுங்கள். இன்சுலினைச் சன்னலோரம் வைக்காதீர்கள். ஒரு தடவை உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தவே கூடாது. குளிரில் ரத்த அழுத்தமும் ஏறும். கிளம்பும் முன்பே இங்கே மருத்துவரிடம் பேசிவிடுங்கள், மாத்திரைகளைப் பத்து நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துப்போங்கள். பனி கொட்டினால் சாலை அடைபடும், 108 ஆம்புலன்ஸ் அங்கேயும் உண்டு என்றாலும் உங்கள் வளைவு வரை ஏறி வரவேண்டுமே!

சிம்லா சுமார் 2,200 மீட்டர். உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ஆனால் "வந்தது வந்தோம்" என்று பக்கத்தில் இன்னும் உயரத்தில் இருக்கும் குஃப்ரிக்கோ, மணாலியிலிருந்து 3,100 மீட்டரில் இருக்கும் அடல் சுரங்கத்துக்கோ இழுத்துப்போவதுதான் நம் வழக்கம். கொலராடோக்காரர்களும் கவனிக்க வேண்டும். டென்வர் நகரம் 1,600 மீட்டர், அங்கே பனிச்சறுக்குக்குப் போகும் மலையூரான பிரெக்கன்ரிட்ஜ் 2,900ஐத் தாண்டிவிடும். இதயமோ நுரையீரலோ பலவீனமானவர்களுக்கு அந்த வித்தியாசம் மூச்சில் தெரியும்.

ஊர் சுற்றியே ஆக வேண்டுமென்றால் கீழே வண்டிகள் ஓடும் கார்ட் ரோட்டிலிருந்து மேலே கடைவீதியான மால் ரோட்டுக்கு லிஃப்ட் இருக்கிறது. மேலே சாதாரண வண்டிகளுக்கு அனுமதி இல்லாததால் சக்கர நாற்காலியைத் தள்ளலாம். ஜாக்கூ கோயில் பக்கம் போனால் அம்மாவின் கண்ணாடியைக் கழற்றி உள்ளே வையுங்கள், குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

பதினேழாம் நாள் பனி கொட்டியது. வெளியே தூக்கிப்போய்ப் படம் எடுக்கலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. நாற்காலியைச் சன்னலோரம் போட்டு, கையில் காபி டம்ளரைக் கொடுத்தேன். பத்து நிமிஷம் கண்கொட்டாமல் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மாம்பலத்துல அவன் மோட்டாரை நிறுத்தினானான்னு ஒரு போன் போட்டுக் கேளேன்" என்றார்.