செயற்குழுவில் பெண்கள் வேண்டுமா? பெயர் எழுதுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்

எங்கள் சங்கத்தில் அடுத்த தவணைக்குச் செயற்குழுவில் யார் யார் என்ற பேச்சு நடந்தது சிங்கப்பூர்த் தேக்காவில், தே தாரிக் குடித்துக்கொண்டே. ஐந்து பேர் இருந்தோம். ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் இருபது நிமிடத்துக்குள் ஒன்பது பெயர் ஏறிவிட்டன, ஒன்பதும் ஆண்கள். பத்தாவதாக ‘மகளிர் ஒருவர்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. பெண்கள் வேண்டாம் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை; அவரவருக்குப் பழக்கமானவர்களின் பெயரைச் சொன்னோம், அவ்வளவுதான். அப்படித்தான் ஒவ்வொரு தவணையும் நழுவிப்போகிறது.

அதனால் முதலில் பெயர் எழுதாதீர்கள், வேலையை எழுதுங்கள். அடுத்த இரண்டு ஆண்டுக்கு உங்கள் அமைப்புக்கு என்ன தெரிந்தவர் தேவை? கணக்கு, சட்டம், கட்டடப் பராமரிப்பு, இளையர்களோடு பழக்கம், அரசாங்க மானியத்துக்கு விண்ணப்பிக்கத் தெரிவது என்று நான்கைந்து வரி போதும். அதை வைத்துக்கொண்டு யோசித்தால் நம் பெண்கள் தானாக நினைவுக்கு வருவார்கள். வங்கியில் தணிக்கை பார்ப்பவர், மருத்துவமனையில் தாதியர் மேலாளராக இருப்பவர், பள்ளித் துணைமுதல்வர் என்று எத்தனையோ பேர்!

அப்புறம், எப்படிக் கேட்கிறோம் என்பது ரொம்ப முக்கியம். “ஆர்வமுள்ள பெண்கள் இருந்தால் சொல்லுங்கள்” என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பதில் வராது. ‘கேட்டோம், யாரும் முன்வரவில்லை’ என்று பிறகு கூட்டக்குறிப்பில் எழுதிவிடுவோம். நேரில் கேளுங்கள்: “அக்கா, பொருளாளர் பொறுப்பு காலியாகிறது, உங்களுக்குக் கணக்குத் தெரியும், மாதம் ஒரு கூட்டம், இரண்டு மணி நேரம், இரண்டு ஆண்டுத் தவணை, செய்வீர்களா?” முதல் பதில் பெரும்பாலும் “எனக்கு அனுபவம் இல்லையே தம்பி” என்றுதான் வரும். அதோடு விட்டுவிடாதீர்கள். போன வருட கணக்கறிக்கையை அனுப்பி, ஒரு கூட்டத்தில் சும்மா வந்து உட்காரச் சொல்லுங்கள். நாங்கள் அப்படிக் கேட்ட ஒருவர் மறுநாளே அழைத்து, மண்டப வாடகைக்கு வாங்கும் முன்பணம், திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம், ஏன் வருமானத்தில் சேர்ந்திருக்கிறது என்று கேட்டார். மூன்று வருடமாக எங்கள் ஒன்பது பேர் கண்ணிலும் படாத விஷயம் அது.

கூட்ட நேரத்தையும் பாருங்கள். வார நாளில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடித்து, உண்மையான முடிவை அதற்குப் பிறகு காப்பிக்கடையில் எடுக்கும் குழுவில், வீட்டில் சிறு பிள்ளையோ வயதான அம்மாவோ இருக்கிற யாரும் நிலைக்க மாட்டார்கள். சனிக்கிழமை காலையில் வையுங்கள், அல்லது சூமில். முடிவு கூட்டத்திலேயே எடுக்கப்பட்டு, குறிப்பில் ஏற வேண்டும்.

ஒருவரை மட்டும் கொண்டுவராதீர்கள். தனியாக உட்கார்ந்திருப்பவரிடம் “பெண்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்பார்கள், தீபாவளி விருந்துக்குச் சாப்பாடு சொல்லும் வேலையையும் அவர் தலையிலேயே கட்டுவார்கள். குறைந்தது இரண்டு மூன்று பேர், அதில் ஒருவராவது தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற மூன்றில் ஒன்றில்.

“இடம் காலியாக இல்லையே” என்பார்கள். இங்கே அறநிறுவனங்களுக்கான நிர்வாக நெறிமுறையில் குழு உறுப்பினருக்குத் தொடர்ந்து 10 ஆண்டு, பொருளாளருக்கு 4 ஆண்டு என்று வரம்பு இருக்கிறது. உங்கள் சங்கம் சிறியதாக இருந்தாலும் அதையே விதியாக எழுதிக்கொள்ளலாம், இடம் தானாக வரும்.

எவ்வளவு பேர் என்று கேட்டால், நிர்வாகக் குழுக்களில் பெண்களைக் கூட்டுவதற்கென்றே அரசாங்கம் 2019இல் ஒரு மன்றம் அமைத்தது. ஆணைபெற்ற கழகங்களிலும் (தனிச் சட்டத்தால் அமைந்த அரசாங்க அமைப்புகள்) பொதுநல அமைப்புகளிலும் பெண்கள் 30 விழுக்காடு, பெரிய 100 பங்குச்சந்தை நிறுவனங்களில் 2030க்குள் 30 விழுக்காடு என்பது இலக்கு. ஆணைபெற்ற கழகங்கள் மொத்தத்தில் அதைத் தாண்டிவிட்டன, நிறுவனங்கள்தான் மெல்ல வருகின்றன. பத்துப் பேர் குழுவுக்கு அது மூன்று பேர்.

பெரிய கழகங்களின் நியமனம் நம் கையில் இல்லை என்பது சரி. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த, கோயில்கள் சிலவற்றை நிர்வகிக்கும் இந்து அறக்கட்டளை வாரியத்தின் உறுப்பினர்களைக்கூட அமைச்சர்தான் நியமிக்கிறார். ஆனால் அந்த மாதிரி இடங்களுக்குப் பெயர் தேடும்போது, ஏற்கெனவே ஒரு குழுவில் கணக்குப் பார்த்தவர், கூட்டம் நடத்தியவர் யார் என்றுதானே கேட்பார்கள்? கோயில் குழுவிலும் சமூக மன்றத்து இந்திய நற்பணிச் செயற்குழுவிலும் இடம் கொடுக்காமல் மேலே மட்டும் பெண்களைக் கேட்பது நியாயமே இல்லை.

இதைப் படிக்கும் பெண்களுக்கும் ஒன்று. ஒரு பக்கத்தில் உங்கள் விவரத்தை எழுதி வையுங்கள், பட்டங்களைவிட எவ்வளவு பெரிய வரவுசெலவை, எத்தனை பேரை, எந்தச் சிக்கலைக் கையாண்டீர்கள் என்பதை முன்னால் வையுங்கள். நீங்கள் மதிக்கிற அமைப்பின் தலைவரிடம் நீங்களே கொடுங்கள், கூப்பிடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அழைப்பு வந்தால் ஒத்துக்கொள்வதற்கு முன் சங்க விதிகள், தணிக்கை செய்த கணக்கு, கடைசி மூன்று கூட்டக்குறிப்பு மூன்றையும் கேளுங்கள். அதைத் தரத் தயங்குகிற குழுவில் கையெழுத்துப் போடாதீர்கள், வேறு குழு தேடுங்கள்.