எக்செல் தேதியை நிரலில் படிப்பது எப்படி

கட்டத்தில் 03-04-2024 என்று தெரிகிறதே என்று அதை அப்படியே நிரலுக்குள் இழுத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது 45385 என்கிற வெறும் எண். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணிக்கொண்டே வந்த நாள் கணக்கு அது, தசமப் பகுதி நேரம், 45385.75 என்றால் அன்று மாலை 6 மணி.

பைத்தானில் மாற்ற, 1899 டிசம்பர் 30-உடன் அந்த எண்ணை நாட்களாகக் கூட்டினால் போதும். டிசம்பர் 31 தானே வரவேண்டும் என்று தோன்றும். லோட்டஸ் 1-2-3 என்கிற பழைய விரிதாள் மென்பொருள் 1900-ஐ லீப் ஆண்டாகக் கொண்டது, அதோடு ஒத்துப்போக எக்செலும் இல்லாத பிப்ரவரி 29-க்கு 60 என்ற எண்ணைக் கொடுத்துவிட்டது, அதனால் 1900 மார்ச் முதல் எல்லா எண்ணும் ஒன்று கூடுதல்.

விடை உண்மையான தேதிக்கு 4 ஆண்டும் 1 நாளும் முந்தையதாக வந்தால், அந்தக் கோப்பு பழைய மேக் வழக்கப்படி 1904-இலிருந்து எண்ணுகிறது. 1462 கூட்டுங்கள். ஓபன்பைஎக்செல் (openpyxl) என்கிற பைத்தான் நூலகத்தைப் பயன்படுத்தினால் ஒர்க்புக்கின் எப்பாக் (epoch), அதாவது தொடக்கத் தேதி, மதிப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உண்மையான தலைவலி வேறு. எனக்கு ஒருமுறை ஏப்ரல் மாத வசூல் பட்டியல் வந்தது. அதில் ஜனவரி 4, பிப்ரவரி 4, மார்ச் 4 என்று 12 மாதமும் வரிசையாக 4-ஆம் தேதி, அதற்குக் கீழே 13/04/2024 முதல் எல்லாம் இடப்பக்கம் ஒட்டி நின்றன. மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க அமைப்பில் இருந்த கணினியில் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து) கோப்பைத் திறந்து சேமித்திருக்கிறார்கள். 12 வரை நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன, 13-ஆவது மாதம் கிடையாது என்பதால் மீதி எழுத்தாகவே நின்றுவிட்டது. நிரல் எந்தப் பிழையும் காட்டாது, அதுதான் பயம். ஆகவே முதலில் ஒவ்வொரு மதிப்பும் எண்ணா எழுத்தா என்று பாருங்கள், ஒரே நெடுவரிசையில் இரண்டும் கலந்திருந்தால் நிறுத்திவிட்டு மூல சிஎஸ்வியைக் கேட்டு வாங்கி, நாள்-மாதம்-ஆண்டு என்று வடிவத்தை நீங்களே சொல்லிப் படியுங்கள். தானாகக் கண்டுபிடிக்க விடாதீர்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் என்றால் 25569 (1970 ஜனவரி 1-இன் எண்) கழித்து, 86400000-ஆல் (ஒரு நாளின் மில்லிவினாடிகள்) பெருக்கி, முழு எண்ணாக்குங்கள். அப்புறம் நாளை எடுக்கும்போது யூடிசி (UTC, உலகப் பொது நேரம்) முறைகளையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் சென்னையில் ஏப்ரல் 3 என்று சரியாகத் தெரிவது நியூயார்க்கில் ஏப்ரல் 2 ஆகிவிடும்.