சாண்டா கிராமத்துக்குக் குழந்தைகளோடு போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

பின்லாந்தின் ரோவனியெமிக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் முதலில் குழம்புவது இடத்தில்தான். சாண்டா கிளாஸ் கிராமம் வேறு, சாண்டா பார்க் வேறு. கிராமம் ஊரிலிருந்து 8 கிலோமீட்டர் வடக்கே, வடதுருவத்தைச் சுற்றிய ஆர்க்டிக் வட்டத்தைக் கோடாக வரைந்து வைத்திருக்கும் இடத்தில் இருக்கிறது. வருடம் முழுக்கத் திறந்திருக்கும், நுழைவுக் கட்டணம் கிடையாது, சாண்டா தாத்தாவைப் பார்க்கவும் காசு வேண்டாம், அங்கே எடுத்துத் தரும் படம் வேண்டுமென்றால்தான் காசு. பார்க் அதற்குப் பக்கத்திலேயே பாறையைக் குடைந்து பூமிக்கு அடியில் கட்டியது, டிக்கெட் உண்டு, குளிர்கால சீசனில்தான் திறப்பார்கள். ஒன்றை நினைத்துக்கொண்டு இன்னொன்றுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

ஆனால் பயணத்தையே கெடுப்பது உடைதான். மைனஸ் 20 டிகிரி அங்கே சாதாரணம், சில நாள் 30-ஐயும் தொடும். உடம்பை ஒட்டிப் பருத்தி பனியனைப் போட்டு மேலே நல்ல ஜாக்கெட் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது, ஏனென்றால் குழந்தை ஓடி ஆடி வியர்த்ததும் பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைத்துவிடும். உள்ளே கம்பளி தெர்மல், நடுவில் ஃப்ளீஸ் என்ற மென்மையான செயற்கைத் துணி, வெளியே காற்றுப் புகாத உடை என்று மூன்று அடுக்கு வேண்டும். காலணிக்குள் இரண்டு மூன்று சாக்ஸைத் திணித்தால் இரத்த ஓட்டம் தடைபட்டு விரல்கள் இன்னும் சீக்கிரம் விறைக்கும். ஒரு சைஸ் பெரிய பூட்ஸ் வாங்கி உள்ளே தடிமனான கம்பளி சாக்ஸ் போடுங்கள். கைக்கு விரல் பிரிந்த கையுறையை விட நான்கு விரலும் சேர்ந்திருக்கும் மிட்டன்தான் சூடு. நடக்கும்போது தெரியாத குளிர், நாய்கள் பனியில் இழுத்துப் போகும் வண்டியில் சும்மா உட்கார்ந்து போகும்போது எலும்பு வரை இறங்கும், அதனால் சவாரி நடத்துகிறவர்கள் கனமான மேலுடை தருகிறார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். உள்ளே வந்ததும் குழந்தையின் மேலுடையைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த வியர்வையோடு திரும்பவும் பனிக்குள் போகும்.

சரி, வெளிச்சம். டிசம்பர் 20-ஐ ஒட்டி அங்கே சூரியன் தலைகாட்டுவதே இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். நம் ஊர்ப் பழக்கத்தில் காலை முதல் மாலை வரை வெளியில் சுற்றத் திட்டம் போட்டால் பாதி இருட்டில் போகும். நண்பகலை ஒட்டி வெளியே, இருட்டியதும் உள்ளே என்று பிரியுங்கள். இருட்டு நேரத்துக்கு ஊருக்குள்ளேயே ஆர்க்டிகம் இருக்கிறது, 1992-இல் திறந்த அருங்காட்சியகம், 172 மீட்டர் நீளக் கண்ணாடிக் கூரை நடைவழியோடு. வடக்கின் வாழ்க்கையைக் குழந்தைகள் நிஜமாகப் புரிந்துகொள்வது அங்கேதான், தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.

கிறிஸ்துமஸ் வாரமே வேண்டும் என்று பிடிவாதம் இல்லாவிட்டால், என்னைக் கேட்டால் மார்ச்தான். தாத்தா அப்போதும் இருப்பார், பனியும் நிறைய இருக்கும், பகல் கிட்டத்தட்ட 12 மணி நேரம், இரவில் வானம் தெளிவாக இருந்தால் வானில் வண்ணமாய் அலையும் துருவ ஒளியும் தெரியலாம். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது, அதனால் குழந்தைகளிடம் அதைப் பற்றி வாக்குக் கொடுக்காதீர்கள்.

பென்குயினும் அங்கே கிடையாது, அது தென்கோளத்துப் பறவை. பனிக்கரடி பார்க்க 80 கிலோமீட்டர் போல தெற்கே ரனுவா விலங்குப் பூங்காவுக்குப் போக வேண்டும், அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

அப்புறம் விசா. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் பின்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கைரேகை தேவையில்லை. கடைசி மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள்.